கூஸ் வாத்து வளர்ப்பில் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது எப்படி

கூஸ் வாத்து எளிதில் நோயில் விழும் பறவை இல்லை. வீட்டில் வளர்ப்பவர்கள் நோய் என்று பதறுவதில் பெரும்பகுதி தண்ணீரிலோ தீவனத்திலோ தரையிலோ ஜோடி சேர்த்த விதத்திலோ நடந்த பிழைதான். சிக்கல் எங்கே என்றால், பிழை ஒரு நாள் நடக்கிறது, அறிகுறி வேறொரு நாள் தெரிகிறது. முட்டை கூமுட்டையாகப் போனது இன்று தெரியும். காரணம் முட்டை இடுவதற்குப் பத்து நாள் முன்பு இருக்கும். குஞ்சின் இறக்கை திருகியது இன்று கண்ணில் படும். காரணம் இரண்டு மூன்று வாரமாகத் தீவனத் தட்டில் கிடந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி, எத்தனை நாள் பின்னால் போய்த் தேட வேண்டும் என்பதுதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்றும் தெரிந்திருக்க வேண்டும். சைனீஸ், ஆப்பிரிக்கன் இரண்டுக்கும் அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் குமிழ் இருக்கும்; இவை ஸ்வான் கூஸ் என்ற காட்டு இனத்தின் வழி வந்தவை. எம்டன், துலூஸ், செபாஸ்டபோல், பில்கிரிம் ஆகியவை கிரேலேக் என்ற காட்டு இனத்தின் வழி. சைனீஸ் இலேசான உடம்பு, துலூசும் எம்டனும் கனம், செபாஸ்டபோலுக்குச் சுருள் இறகு. அடை நாள், ஆண் பெட்டை விகிதம், தண்ணீரின் தேவை எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

பெட்டை முட்டையே வைக்கவில்லை

முதலில் அது பெட்டைதானா என்று பாருங்கள். கேலிக்குச் சொல்லவில்லை, "ஜோடி" என்று வாங்கியது இரண்டு ஆணாக இருப்பது மிகச் சாதாரணம். இரண்டு ஆண்கள் ஒன்றாக வளர்ந்தால் கணவன் மனைவி மாதிரியே ஒட்டித் திரியும், ஒன்றன் மேல் ஒன்று ஏறவும் செய்யும். சைனீசில் ஆணின் குமிழ் பெரிதாக இருக்கும், குரல் கீச்சென்று உயர்ந்திருக்கும். பெட்டையின் குரல் தாழ்ந்து கரகரப்பாக வரும். பில்கிரிம் வகையில் ஆண் வெள்ளை, பெட்டை சாம்பல் என்பதால் குழப்பமே இல்லை. மற்ற வகைகளில் எச்சத்துவாரத்தை விரித்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. தெரிந்தவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு செய்யுங்கள். குஞ்சில் முரட்டுத்தனமாக அழுத்தினால் உள்ளே காயமாகிவிடும்.

பெட்டைதான் என்றால் வயதைப் பாருங்கள். சைனீஸ் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடும். கனமான வகைகள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் ஒழுங்காக வைக்கும். கூஸ் பருவத்துக்கு முட்டை வைக்கும் பறவை. கோழி மாதிரி ஆண்டு முழுக்க வராது. இறகு உதிர்க்கும் காலத்திலும் நிற்கும். இதெல்லாம் கோளாறு இல்லை.

அடுத்தது கொழுப்பு. அடிவயிறு இரண்டு மடிப்பாகத் தொங்கி, நடக்கும்போது தரையைத் தொடுகிறது என்றால், தானியம் அதிகமாகப் போகிறது. புல் மேயக் கிடைக்கும் பறவைக்கு ஓய்வுப் பருவத்தில் தீவனம் பேருக்குப் போட்டால் போதும். முட்டைப் பருவத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்து, 15 முதல் 16 சதம் புரதம் உள்ள தீவனத்துக்கு மாற்றி, ஒரு பறவைக்கு நாளுக்கு 150 முதல் 200 கிராம் கொடுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்ட பெட்டை எடுத்துக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தை ஆண்டு முழுக்க எல்லாருக்கும் போடுவது தவறு. அதிலிருக்கும் சுண்ணாம்பு வளரும் பறவைக்கும் ஆணுக்கும் சிறுநீரகத்தில் சுமை.

இன்னொன்று: முட்டை வைத்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெட்டை முட்டையைப் படுக்கைக்குள் புதைத்து மேலே வைக்கோலை இழுத்து மூடிவிட்டுத்தான் எழுந்து போகும். கூட்டின் மூலையைக் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள்.

நன்றாக வைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டதா? அடைக்கு உட்கார்ந்திருக்கும். கூட்டில் முட்டை சேரச் சேர அடை ஆசை வரும். தினமும் முட்டையை எடுத்து, ஒரே ஒரு போலி முட்டையை விட்டுவைத்தால் பருவம் நீளும். போலி முட்டையையும் எடுத்துவிட்டால் இடத்தை மாற்றிக்கொண்டு புதருக்குள் போய் வைக்கும்.

முட்டை வருகிறது, கரு கூடவில்லை

அடைக்கு வைக்காத புது முட்டை ஒன்றை உடைத்துப் பார்ப்பதுதான் குறுக்கு வழி. மஞ்சள்கருவின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். ஓரம் தெளிவான வளையமாக, நடுவில் இலேசாக ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தால் கரு கூடிய முட்டை. ஒழுங்கற்ற ஓரத்தோடு அடர்த்தியான வெள்ளைப் பொட்டாக இருந்தால் கூடவில்லை. ஏழு நாள் அடைவைத்து, வெளிச்சத்தில் பார்த்து, "காலி" என்று ஒதுக்கிய முட்டைகளில் சில உண்மையில் கரு கூடி முதல் இரண்டு நாளில் செத்தவையாக இருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு. உடைத்துப் பார்க்காமல் ஆணைக் குறைசொல்ல வேண்டாம்.

உண்மையிலேயே கரு கூடவில்லை என்றால் பின்னோக்கிப் பார்க்க வேண்டியது பத்து நாளிலிருந்து இரண்டு மாதம் வரை. சேர்ந்த பிறகு பெட்டையின் உடலில் விந்து ஏறத்தாழ பத்து நாள் வேலை செய்யும். இன்றைய முட்டை சென்ற வாரத்துக் கதையைத்தான் சொல்கிறது. இன்று ஆணை விட்டுவிட்டு மூன்றாம் நாள் முட்டையை உடைத்துப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

விகிதத்தைச் சரிபாருங்கள். சைனீசுக்கு ஓர் ஆணுக்கு நான்கு ஐந்து பெட்டை தாங்கும். துலூஸ், எம்டன், செபாஸ்டபோல் என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆனால் கணக்கு சரியாக இருந்தும் கரு கூடாமல் போவதுண்டு, ஏனென்றால் கூஸ் ஆளைப் பார்த்துத் துணை சேரும். ஓர் ஆண் மூன்று பெட்டையில் ஒன்றை ஏறெடுத்தும் பார்க்காது. இதைக் கண்டுபிடிக்க எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரே பெட்டையின் முட்டைகள் மட்டும் காலியாக இருந்தால் ஆணில் குறையில்லை, சேர்க்கையில்தான். பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே கூட்டத்தை அமைத்துவிட்டு, பருவத்தின் நடுவில் யாரையும் மாற்றாமல் இருப்பதுதான் மருந்து. ஆண்கள் அதிகமாக இருந்தால் ஒன்று ஏறப் போகும்போது மற்றொன்று இழுத்துத் தள்ளும். நாள் முழுக்கச் சண்டை, முட்டை எல்லாம் காலி.

முதல் ஆண்டு ஆணின் திறன் குறைவாகவே இருக்கும். முதல் ஆண்டு பெட்டையின் முட்டையும் சிறியது. இரண்டும் இளசு என்றால் அந்தப் பருவத்தைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். மாறாக, ஐந்தாறு வயது ஆண் சென்ற ஆண்டு நன்றாக இருந்து இந்த ஆண்டு சரியில்லை என்றால் காலைப் பாருங்கள். பாதத்தில் வலி உள்ள ஆண் ஏறாது.

தண்ணீர். இலேசான வகைகள் தரையிலேயே சேரும். கனமான வகைகளுக்குத் தண்ணீர் பெரிய உதவி: பெட்டையின் முதுகில் எடை அழுத்தாது, ஆண் வழுக்கி விழாது. ஒன்றே கால் மீட்டருக்குக் குறையாத அகலம், 30 முதல் 40 செ.மீ. ஆழம், ஏறி இறங்கச் சரிவு. குளம் வேண்டாம், தொட்டி போதும். ஆனால் கலங்கிப் பச்சை பிடித்த தொட்டி, இல்லாத தொட்டியைவிட மோசம். ஆணின் உறுப்பில் தொற்று வருவது அதிலிருந்துதான்.

செபாஸ்டபோல் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுருண்ட நீண்ட இறகு எச்சத்துவாரத்தை மூடிவிடும். பருவத்துக்கு முன் ஆணுக்கும் பெட்டைக்கும் துவாரத்தைச் சுற்றி உள்ள இறகைக் கத்தரியால் குட்டையாக்கிவிடுங்கள். பிடுங்கக் கூடாது.

கரு கூடியது, குஞ்சு வெளியே வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நாள் தாண்டிய முட்டைகளைத் தூக்கி எறியாமல் வெளியே எடுத்துப்போய் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தால், எந்தக் கட்டத்தில் செத்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஏழெட்டு நாளில் வெளிச்சம் காட்டும்போது சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், முதல் சில நாளிலேயே செத்தது. அடைக்கு முந்தைய வாரத்தைப் பாருங்கள். முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைத்தீர்கள்? ஏழு நாளுக்கு மேல் போகப் போகப் பொரிப்பு குறையும். 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில், தினமும் ஒருமுறை புரட்டி வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டி இதற்குக் கூடாது, அதன் குளிர் அதிகம். பயணம் செய்து வந்த முட்டையைக் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுத்தான் இன்குபேட்டரில் ஏற்ற வேண்டும். கழுவினீர்களா? குளிர்ந்த நீரில் கழுவினால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்கை உறிஞ்சும். காய்ந்த அழுக்கைத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் முட்டையைவிடச் சூடான, ஏறத்தாழ 40 டிகிரி நீர்.

நடுக்கட்டத்தில் செத்து, கறுத்து நாறினால் கிருமி. கிருமி இல்லாமல் நடுவில் செத்தவை நிறைய இருந்தால் தாயின் தீவனத்தில் வைட்டமின் பற்றாக்குறை என்று சந்தேகியுங்கள். வெறும் தானியத்திலேயே ஓடும் பெட்டைகளில் இப்படி வரும். மின்தடையையும் மக்கள் இங்கே குறைசொல்வார்கள். முட்டை பெரிது, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறக்காமல் கம்பளியால் போர்த்தினால் இரண்டு மணி நேரத் தடையைத் தாண்டிவிடும். பதறிப் போய் திறந்து திறந்து பார்ப்பதுதான் கேடு.

முழுதாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுதான் கூஸில் பெரிய இழப்பு. உடைத்துப் பாருங்கள். குஞ்சு வீங்கி, சுற்றிலும் நீர் வழிந்து, காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் காற்று நிற்கும் இடம்) சிறியதாக இருந்தால் ஈரம் அதிகம். குஞ்சு சிறுத்து, சவ்வில் ஒட்டி, காற்றறை பெரிதாக இருந்தால் ஈரம் போதவில்லை. நீர்ப்பறவைதானே என்று முதல் நாளிலிருந்தே தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுவதால் முதல் வகைதான் அதிகம் நடக்கிறது. ஈரமானியை நம்பி உட்கார்வதைவிட, தராசு நல்ல சாட்சி. முட்டை அடைக்காலத்தில் தன் எடையில் 13 முதல் 14 சதம் இழக்க வேண்டும். 150 கிராம் முட்டை 14ஆம் நாள் ஏறத்தாழ 140 கிராமும், 28ஆம் நாள் 130 கிராமும் இருக்க வேண்டும். 14ஆம் நாள் 145 என்றால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள், காற்றுத் துளையைத் திறங்கள். 136 என்றால் தண்ணீரின் பரப்பைக் கூட்டுங்கள்; ஆழத்தைக் கூட்டி ஒன்றும் ஆகாது, ஆவி போவது பரப்பிலிருந்துதான். தொடக்கத்தில் 50 முதல் 55 சதம் ஈரம் வைத்துக்கொண்டு, எடையைப் பார்த்துத் திருத்துவது எளிது. கடைசி மூன்று நாள் 70 சதத்துக்கு மேல்.

வெப்பம்: மின்விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி. விசிறி இல்லாததில் 38.3, அதுவும் முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்தது. கோழி முட்டைக்கு என்று வைத்த வெப்பமானி கூஸ் முட்டையின் இடுப்பளவுக்குத்தான் வரும். மேல்பக்கம் சூட்டுக் கம்பிக்கு அருகில் வெந்துகொண்டிருக்கும், உங்கள் கண்ணுக்கு அளவு சரியாகவே தெரியும். பெட்டியின் திரையில் வரும் எண்ணை ஒரு நல்ல காய்ச்சல் வெப்பமானியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். சூடு கூடுதலாக ஓடியிருந்தால் குஞ்சு நாளுக்கு முன்பே, தொப்புள் சரியாக மூடாமல் வரும். குறைவாக ஓடியிருந்தால் தாமதமாக, வயிறு பெருத்து, சோம்பலாக வரும். சைனீசுக்கு 28 முதல் 30 நாள், கனமான வகைகளுக்கு 30 முதல் 32, சில நேரம் இன்னும் இரண்டு நாள்.

புரட்டுதல். முட்டையைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் பெருக்கல் குறி, எதிர்ப்பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை 180 டிகிரி கையால் திருப்புங்கள். ஒருமுறை வலப்பக்கம், அடுத்தமுறை இடப்பக்கம். ஒரே திசையில் சுற்றினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். ஒற்றைப்படை எண்ணாக வைப்பது இரவில் ஒரே பக்கம் கிடக்காமல் இருக்க. கோழி முட்டைக்கான தானியங்கித் தட்டு 45 டிகிரி சாய்ப்பதோடு நின்றுவிடும். கூஸ் முட்டைக்கு அது போதாது, தானியங்கி இருந்தாலும் நாளுக்கு ஒருமுறையாவது கையால் புரட்டுங்கள். பொரிப்புக்கு மூன்று நாள் முன் நிறுத்திவிட வேண்டும்.

முட்டையை ஆறவிடுதல் கூஸ் போன்ற நீர்ப்பறவைகளுக்கு உரியது. தாய் நாளுக்கு ஒருமுறை எழுந்து மேய்ந்து, குளித்து, ஈர வயிற்றோடு வந்து உட்காரும் இல்லையா, அதையே நாமும் செய்கிறோம். எட்டாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து ஐந்து நிமிடம். மூன்றாம் வாரத்தில் 15 நிமிடம் வரை. முடிக்கும்போது வெதுவெதுப்பான நீரை மெலிதாகத் தெளித்து மூடுங்கள். கடைசிக் கட்டத்தில் உள்ளே இருக்கும் கரு தானே சூட்டை உண்டாக்கும், இத்தனை பெரிய முட்டையில் அது வெளியேற வழி வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் முழுதாக வளர்ந்து செத்த குஞ்சுகள் அதிகம் கிடைக்கும்.

தாயே அடைகாத்தும் பொரிக்கவில்லை என்றால்: ஒரே கூட்டில் இரண்டு மூன்று பெட்டை உட்கார்ந்து முட்டையை மாற்றி மாற்றி இழுத்திருக்கும், அல்லது அடை தொடங்கிய பிறகும் புது முட்டை சேர்ந்திருக்கும். எட்டு முதல் பத்து முட்டைக்கு மேல் வைக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்து, குறிபோட்டு, பிறகு வந்ததை எடுத்துவிடுங்கள். கோழியின் கீழ் வைத்தால் நான்கு ஐந்து முட்டை தாங்கும், ஆனால் கோழியால் அதைப் புரட்ட முடியாது. கோழி இரை தின்ன எழும்போது நீங்கள்தான் புரட்ட வேண்டும். மணிலா வாத்து இந்த வேலைக்குக் கோழியைவிடத் தேவலை.

ஓட்டைக் கொத்திவிட்டு அப்படியே கிடக்கிறது

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். கூஸ் குஞ்சு முதலில் காற்றறைக்குள் அலகை நீட்டும். அரை நாள், ஒரு நாள் கழித்து ஓட்டில் முதல் விரிசல். அதிலிருந்து வெளியே வர ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள். இந்த ஓய்வில்தான் அது மஞ்சள்கருவையும் சவ்வில் உள்ள இரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டுப் பிரித்தால் இரத்தக் குழாய் அறுந்து அங்கேயே செத்துவிடும்.

விரிசல் விழுந்து 36 மணி நேரம் தாண்டியும் முன்னேற்றம் இல்லை, சவ்வு மஞ்சளாகக் காய்ந்து தோல்போல் ஆகிவிட்டது என்றால் உதவலாம். ஏற்கெனவே உள்ள துளையிலிருந்து ஓட்டை மட்டும் சிறிது சிறிதாக எடுங்கள், சவ்வை வெதுவெதுப்பான நீரால் நனையுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உடனே நிறுத்தி, மூடி வைத்து, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளே அலகு காற்றறைக்கு வந்து ஒரு நாளாகியும் வெளியே விரிசல் விழவில்லை என்றால், அகன்ற முனையில் காற்றறைக்கு மேல் ஊசியளவு ஒரு துளை. மூச்சு விட அது போதும். குஞ்சை வெளியே எடுப்பதற்கான துளை இல்லை அது.

குஞ்சின் கால் பக்கவாட்டில் போகிறது, அல்லது வளைகிறது

பிறந்த ஒன்றிரண்டு நாளில் இரு காலும் பக்கவாட்டில் விரிந்தால் தரைதான் காரணம். செய்தித்தாள், வழவழப்பான பிளாஸ்டிக் இரண்டும் கூடாது. சொரசொரப்பான ரப்பர் விரிப்பு அல்லது துணி போடுங்கள். இரு காலையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் மெல்லிய ஒட்டுப் பட்டையால் எட்டு வடிவில் கட்டி மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் விட்டால் சரியாகும். தினமும் அவிழ்த்து வீக்கம் பாருங்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, பிறகு முட்டி வீங்கி, கால் வில்லாக வளைந்து, உட்கார்ந்தே இருந்தால் நியாசின் என்ற பி வைட்டமின் பற்றாக்குறை. முதல் நான்கு வாரக் கூஸ் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 65 மி.கி. நியாசின் தேவை, கோழிக்குஞ்சின் தேவை அதில் பாதிதான். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும். மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும் உடலில் சேராத வடிவில் இருப்பதால் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு கப் தீவனத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மேசைக்கரண்டி புரூவர்ஸ் ஈஸ்ட் தூளைக் கலந்து பிறந்த நாளிலிருந்தே கொடுத்தால் இது பெரும்பாலும் வராது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்டை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது. கால் ஏற்கெனவே தளர்ந்துவிட்டால் நான்கு லிட்டர் குடிநீருக்கு 100 முதல் 150 மி.கி. நியாசின் மாத்திரை கரைத்து, தினமும் புதிதாக வையுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் சில நாளில் எழுந்து நடக்கும். முட்டியின் பின்னால் உள்ள தசைநாண் பக்கவாட்டில் நழுவிவிட்டிருந்தால் வைட்டமின் திருப்பாது.

இறக்கை நுனி வெளியே திருகி நிற்கிறது

ஏஞ்சல் விங் என்பார்கள். மூன்று வாரத்திலிருந்து ஆறேழு வாரத்துக்குள் வரும். பறக்கும் இறகின் குருத்து இரத்தம் நிறைந்து கனமாக இருக்கும். அதைத் தாங்கும் மணிக்கட்டு அதே வேகத்தில் வளர்ந்திருக்காது. புரதமும் மாவும் அதிகமான தீவனம், நடமாட்டமில்லாத அடைப்பு, இரண்டும் சேர்ந்தால் மூட்டு திருகிக்கொள்ளும். முதல் மூன்று வாரம் 20 சதப் புரதம் சரி. அதற்குப் பிறகும் அதையே கொட்டிக்கொண்டிருப்பதுதான் பிழை. 15, 16 சதத்துக்கு இறக்கி, இளம்புல்லில் மேயவிட வேண்டும். ரொட்டி போடுவதை நிறுத்துங்கள்.

இறக்கை வெறுமனே தொங்குகிறது, வெளியே திருகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். குருத்தின் கனத்தில் மாலையில் சோர்ந்து தொங்கும், காலையில் ஏறிவிடும். திருகியிருந்தால் அன்றே கட்டுங்கள். இறக்கையை இயல்பான மடிப்பில் மடித்து, இறகில் ஒட்டாத மருத்துவப் பட்டையால் அந்த இறக்கையை மட்டும் சுற்றுங்கள். உடம்போடு சேர்த்துக் கட்டினால் மூச்சு முட்டும். மூன்று நாளில் அவிழ்த்து, பறவை இறக்கையை அடித்துக்கொள்ளவிட்டு, தேவைப்பட்டால் மீண்டும் கட்டுங்கள். எலும்பு முற்றிய பிறகு ஒன்றும் நடக்காது. அப்படியே வாழும், வலி இல்லை. குஞ்சு எடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ள வேண்டாம், பரம்பரைச் சாய்வும் இதில் உண்டு.

குஞ்சு நனைந்து நடுங்குகிறது, தீவனம் தொண்டையில் சிக்குகிறது

இரண்டுக்கும் தண்ணீர்ப் பாத்திரமே காரணம். தாயோடு இருக்கும் குஞ்சுக்கு நீர் ஒட்டாத பாதுகாப்பு தாயின் இறகிலிருந்து கிடைக்கும். இன்குபேட்டர் குஞ்சுக்கு அது இல்லை. உள்ளே இறங்க முடியாத, ஆனால் மூக்குத் துவாரம் முழுக்க மூழ்கும் ஆழமுள்ள பாத்திரம் வேண்டும். வாய் குறுகிய கிண்ணத்தின் மேல் கம்பி வலையை வளைத்துப் போடுங்கள். தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும். உலர்ந்த தூளை விழுங்கிவிட்டுத் தண்ணீர் தேடினால் அடைத்துக்கொள்ளும். புரூடரில் (குஞ்சைச் சூடாக வைத்து வளர்க்கும் பெட்டியில்) முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி குறையுங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்தால் சூடு. வெப்பமானியைவிடக் குஞ்சுகள் படுத்திருக்கும் விதம் சரியாகச் சொல்லும்.

தின்கிறது, ஆனால் மெலிகிறது

மேயும் இளம் கூஸில் இப்படி என்றால், இரையை அரைக்கும் தசைப்பையில் வாழும் அரைவைப்பைப் புழுவை நினையுங்கள். மார்பெலும்பு கத்திபோல் நீட்டியிருக்கும், வாய் வெளுத்திருக்கும், கூட்டத்தின் கடைசியில் நடக்கும். பெரியவை வெளிக்குத் தெரியாமல் புழுவைச் சுமந்து புல்லில் பரப்பும். குஞ்சு அதே இடத்தில் மேய்ந்து வாங்கிக்கொள்ளும். எச்சத்தைச் சோதனைக்குக் கொடுத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் ஃபென்பெண்டசோல் அல்லது லெவாமிசோல் கொடுங்கள். மருந்துக்குப் பிறகு அதே புல்லில் விட்டால் பணம் வீண். குஞ்சுகளுக்கு என்று பெரியவை போகாத ஒரு துண்டு நிலத்தை ஒதுக்குங்கள்.

கழுத்தின் அடியில் கெட்டியாக உருண்டை தெரிந்தால் கதை வேறு: நீண்ட காய்ந்த புல் சிக்கியிருக்கிறது. புல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்தால் வெட்டிவிடுங்கள், தின்னப் பெருமணலைத் தனியாக வையுங்கள். பூஞ்சை பிடித்த தீவனத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்லடாக்சினை நீர்ப்பறவைகள் கோழியைப்போலத் தாங்காது. கோழி தின்று தப்பித்த தீவனத்தில் கூஸ் குஞ்சு சாகும்.

பெரிய வாத்து நொண்டுகிறது

பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொருக்கும் சூடான வீக்கமும் இருந்தால் பாதப் புண். சிமெண்டுத் தரை, கூர்ச்சரளை, உயரத்திலிருந்து குதிப்பது, அதிக எடை இவற்றால் தோல் வெடித்துக் கிருமி நுழைகிறது. வீக்கம் இல்லாத சிறு பொருக்கு என்றால் வெதுவெதுப்பான எப்சம் உப்பு நீரில் தினமும் 15 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, மெத்தென்ற படுக்கையில் விடுங்கள். வீங்கிவிட்டால் உள்ளே கட்டி இருக்கும். அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். படுக்கை பத்து செ.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது.

கண்ணில் நுரை, இறகு அழுக்கு

தலை முழுக்க மூழ்கும் வாளி இல்லை, அவ்வளவுதான். ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்த இரண்டு மூன்று நாளில் கண் தெளியவில்லை என்றால் மருத்துவர்.

ஆணின் உறுப்பு உள்ளே போகாமல் தொங்குகிறது

இதைப் பார்த்து முதன்முறை பயப்படாதவர் இல்லை. பருவத்தின் உச்சத்தில், பெட்டைகள் அதிகமாகவோ தண்ணீர் அழுக்காகவோ இருந்தால் வரும். உடனே செய்ய வேண்டியவை:

1. ஆணைத் தனியாகப் பிரித்துச் சுத்தமான துணி விரித்த இடத்தில் வையுங்கள். மற்றவை கொத்தும்.
2. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவுங்கள்.
3. வீங்கியிருந்தால் கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள்; நீரை வெளியே இழுத்து வீக்கத்தைக் குறைக்கும்.
4. வாசனை இல்லாத வேசலின் தடவி, மென்மையாக உள்ளே தள்ளுங்கள்.
5. வாரக்கணக்கில் பெட்டைகளைக் காட்டாதீர்கள்.

கறுத்து உலர்ந்துவிட்டால் மருத்துவர் வெட்டி எடுப்பார். பறவைக்குச் சிறுநீர் அந்த வழியில் போவதில்லை, எனவே உயிர் தப்பும். இனப்பெருக்கம் மட்டும் முடிந்தது.

பெட்டை முக்குகிறது, முட்டை வரவில்லை

வாலை ஏற்றி இறக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தின்னாமல் இருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது. 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் அடிவயிறு மூழ்க அரை மணி நேரம் வைத்து, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். குடிநீரில் கால்சியம் கொடுங்கள். உள்ளே முட்டையை உடைக்க முயலவே கூடாது, ஓட்டுச் சில்லு கிழித்துவிடும். ஒரு நாள் காத்திருக்கலாம், இரண்டாம் நாள் வேண்டாம். இதற்கும் பின்னோக்கிப் பார்த்தால், கிளிஞ்சல் தூள் இல்லாத ஒரு மாதமோ, கொழுத்துப்போன ஒரு பருவமோ தெரியும்.

கழுத்து தொய்ந்துவிட்டது, அல்லது பல பறவைகள் ஒரே நேரத்தில் சாய்கின்றன

ஒரு பறவை, தலையைத் தூக்க முடியாமல், கால் செயலிழந்து, ஆனால் விழிப்போடு இருந்தால் தேங்கிய சேற்றுநீரையும் அழுகிய பிணத்தையும் தேடுங்கள், அதில் வளரும் கிருமியின் நஞ்சால் வரும் பொட்டுலிசமாக இருக்கலாம். வெப்பமான நாட்களில் இது அதிகம். அந்த இடத்தை அன்றே அடைத்து, சுத்தமான நீரை வாயில் ஊட்டி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெயிண்ட் சில்லு, பேட்டரி, ஈயக் குண்டு ஏதும் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஈயமும் இதே மாதிரிதான் காட்டும்.

ஒன்று முதல் நான்கு வாரக் குஞ்சுகள் வரிசையாகச் செத்து, நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் கூஸ் பார்வோ வைரஸ். தாய்க்குத் தடுப்பூசி போட்டுத்தான் அடுத்த பருவத்தைக் காக்க முடியும். பெரியவை ஒன்றிரண்டு நாளில் பல செத்தால் பறவைக் காய்ச்சலாகவோ வாத்துப் பிளேக்காகவோ இருக்கலாம். இங்கே வீட்டு வைத்தியம் பார்க்கும் நேரமில்லை. செத்ததை வெறுங்கையால் தொடாமல், எதையும் வெளியே விற்காமல், அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். உயிரோடிருப்பவற்றைப் பார்த்துவிட்டு வேறு யாருடைய பண்ணைக்கும் அதே செருப்போடு போகாதீர்கள். பிறகு புதுப் பறவை வாங்கும்போது 30 நாள் தனிக் கொட்டிலில், தனி வாளியோடு வைத்து, உங்கள் பழைய கூட்டத்துக்குத் தீவனம் போட்டு முடித்த பிறகே அதற்குப் போடுங்கள்.